பிரித்ததை மடிக்கத் தெரிந்தவள்

அவள் பரோட்டா சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்றே கடையில் நாலு பேர் திரும்பி உட்காருவார்கள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் கடை அது. இலையில் பரோட்டா விழுந்ததும் நாமெல்லாம் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொள்வோம். அவள் ஊற்ற விடமாட்டாள். பரோட்டாவின் வெளிநுனி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீட்டி வைப்பாள். ஓரிடத்திலும் அறுபடக் கூடாது. பிறகு விரல்நுனியால் திரும்பச் சுற்றிக்கொண்டே வருவாள். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பழையபடி பரோட்டா!

"தோ பாரு, வந்துச்சா?" என்று என் தொடையில் அடிப்பாள்.

பரோட்டா மாஸ்டருக்குக் கோபம் வந்துவிடும். "யம்மா, நானு கஷ்டப்பட்டு சுத்திக் குடுக்கறேன். நீ தெனம் பிரிச்சிப் பிரிச்சிப் பாக்கற. உள்ள இன்னா தங்கமா வெச்சிக்கீறேன்?"

"உள்ள ஒன்னும் இல்லண்ணே. திருப்பி வருதான்னு பாத்தேன்."

அவளைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு வாக்கியம் போதும். திருப்பி வருதா? எதைப் பார்த்தாலும் அவளுக்கு அதுதான் கேள்வி. பிரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது அவள் கட்சி. பெயரைப் போட்டால் போனில் சண்டைக்கு வருவாள் என்பதால் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

நானும் அவளும் காஞ்சிபுரத்தில் ஒரே கல்லூரியில் வணிகவியல் படித்தவர்கள். படிக்கும்போது அவ்வளவு பழக்கமில்லை. நான் ஓரிக்கை, நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவள் மாகறல் பக்கம், நெல் போடுகிற குடும்பம். படிப்பு முடிந்து சில வருடங்கள் கழித்து உத்திரமேரூரில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருவரும் மறுபடி சந்தித்தோம். ஜாவாஸ்கிரிப்டை நான் காசு கட்டி வகுப்பில் கற்றேன். அவள் நாற்று நடவுக்கு ஆட்களோடு போன நாட்களில், வரப்பில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். மாடி அறையில் யூரியா வாசனை எப்போதும் இருக்கும். எங்களோடு இன்னும் இரண்டு பேர், அப்புறம் முதலாளி. அவர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்தான். ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது எங்களுக்கு வந்த பெரிய வேலை ஏரிச் சங்கத்து வேலை. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரி நீர் போகிற கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கினால், கீழே இருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்லியாயிற்று, யார் பாக்கி என்று போன் திரையிலேயே தெரிய வேண்டும். எல்லாருக்கும் சொல்லி முடித்தால் திரை பச்சையாக வேண்டும். இதுதான் கேட்டார்கள்.

கணினிக்குள் இந்த விவரமெல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக இருந்தது. ஏரி ஒரு பெட்டி. அதற்குள் மதகுகள். மதகுக்குள் அதன் தண்ணீர் போகிற இடங்கள். இடத்துக்குள் பொறுப்பாளர் பெயர். பெயருக்குள் போன் நம்பர். செயலிக்கு அப்படி இருந்தால்தான் வேலை ஓடும். ஆனால் சங்கத்துக்காரர்களுக்குப் பெட்டிக்குள் பெட்டியெல்லாம் ஆகாது. அவர்களுக்கு எக்செல் ஷீட்தான் பழக்கம். ஒவ்வொரு பருவத்திலும் ஷீட்டை அனுப்புவோம், திருத்தித் தருவார்கள், அதை மறுபடி செயலிக்குள் ஏற்ற வேண்டும். ஆக, அடுக்கடுக்காக இருப்பதைத் தட்டையாகப் பிரித்துப் போட வேண்டும். திருத்தி வந்ததும் பழைய அடுக்காக மடித்து வைக்க வேண்டும். பிரிக்கும்போது வழி மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு வரிக்கும் அது இருந்த இடத்தையே பெயராக வைப்போம். பெரிய ஏரி, புள்ளி, மேல மதகு, புள்ளி, இடம், புள்ளி, ஆள் என்று புள்ளியால் கோத்த பெயர். மடிக்கும்போது புள்ளி வருகிற இடத்திலெல்லாம் வெட்டினால் மறுபடி பெட்டிகள் கிடைக்கும்.

இந்த வேலை அவளுக்கு என்று முடிவானதும் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஏய், எனக்குன்னே வந்துக்கீது பாரு!"

பிரிக்கிற நிரலை மத்தியானத்துக்குள் எழுதிவிட்டாள். மடிக்கிற நிரலுக்குத்தான் நாட்கள் ஆயின. பிரி, மடி, பழையதோடு வைத்துப் பார். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் "வந்துச்சுடி!" என்று கத்துவாள். கீழே உரக்கடையில் மூட்டை எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

வேலையில் மட்டும் இப்படி இருந்தால் சரி. வீட்டிலும் இப்படித்தான். ஸ்பிரிங் வைத்த மடக்குக் கொசுவலை என்று ஒன்று வண்டியில் வைத்து விற்றுக்கொண்டு வருவார்களே, பையிலிருந்து எடுத்ததும் படாரென்று விரிந்துகொள்ளும். விரிந்ததைத் திரும்பப் பைக்குள் போடுவது மனிதர்களால் ஆகாத காரியம். பெரும்பாலான வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து விரிந்தபடியே கிடக்கும். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். ஆசையாக ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வலை விரிவதும் அடங்குவதுமாக வீடே அல்லோலகல்லோலப்பட்டது என்று அவரே என்னிடம் சொன்னார்.

"சோறு ஆக்கலங்க. கேட்டா, இரு இரு, இந்த வளையத்த எட்டு போட்ட மாதிரி திருப்பணும்ன்றா. எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி."

சாயங்காலம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் கொசுவலை விரிந்து கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போய் ஒரு முறுக்கு, ஒரு மடக்கு. வலை வட்டமாகச் சுருண்டு பைக்குள் போய்விடும். அப்போது அவள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

ஏரி வேலையில் முதல் அடி இனிஷியலில் விழுந்தது. சங்கத் தலைவர் பெயர் மு.துளசிங்கம். சோதனைக்காக அவருக்குச் செயலியைக் காட்டினோம். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இன்னாமா இது? எங்க நைனாவ மேல தனியா ஒக்கார வெச்சிக்கீறீங்க. என்னைத் தூக்கி அவருக்குள்ள போட்டுக்கீறீங்க!"

மடிக்கும்போது அவர் பெயரில் இருந்த புள்ளியிலும் நிரல் வெட்டிவிட்டது. 'மு' என்று ஒரு பெட்டி. அதற்குள் 'துளசிங்கம்'. 'மு' என்பது அவர் அப்பா முனுசாமி.

"அவரு போயி எத்தினியோ வருசமாவுது. அவருக்குப் போயி மதகு பொறுப்பு குடுத்தா, யாரும்மா தொறக்கறது?"

அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்கள் இரண்டும் பெரிதாகிவிட்டன. "சார், சூப்பர் தப்பு சார் இது!" என்று முதலாளியிடம் சொன்னாள். தப்புக்கு சூப்பர் என்று பட்டம் கொடுத்தவளைத் தலைவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலாளி சுலபமான வழி சொன்னார். பெயர்களில் இருக்கிற புள்ளியை எடுத்துவிட்டால் முடிந்தது. அவள் தலையை ஆட்டினாள். "அது அவுங்கப்பா எழுத்து சார். நம்ம வசதிக்கு அதுல கை வெக்கக் கூடாது. எடுத்துட்டா அப்புறம் திருப்பி வராது." பெயருக்குள் வரும் புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டுப் பிரித்தாள். மடிக்கும்போது சாய்கோட்டைப் பார்த்தால் அந்தப் புள்ளியில் வெட்டாமல், கோட்டை மட்டும் எடுத்துவிடும். பெயரிலேயே யாராவது சாய்கோடு வைத்திருந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். வாயெல்லாம் பல்லாக, "அந்தக் கோட்டுக்கும் முன்னால ஒரு கோடு!" என்றாள். அடுத்த வாரம் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட மதகுகளைக் கணினி வரிசை என்று நினைத்துக்கொண்டு, அதன் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் முதலில் பூஜ்யம் மதகு ஒன்றைத் தானாகவே கட்டிவைத்தது. அதையும் துள்ளிக்கொண்டேதான் இடித்தாள்.

சண்டை வந்தது காலிப் பெட்டியில்.

ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. எல்லாம் ஒத்துப்போகிறது என்று நாங்கள் நினைத்தபோது அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். பிரிப்பதற்கு முன்னால் இருந்த ஓரிடம், மடித்த பிறகு இல்லை. காளவாய் மேடு. ஏரியின் கடைக்கோடி ஓடை ஓரத்தில் செங்கல் சூளை போடுகிற மேடு அது. சூளையைக் காளவாய் என்பார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் சூளைக்கு ஆட்கள் வருவார்கள். மழைக்காலத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் அந்தப் பெட்டிக்குள் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. உள்ளே எதுவும் இல்லாததால் பிரிக்கும்போது அதற்கென்று ஒரு வரிகூட விழவில்லை. வரி இல்லாததால் மடிக்கும்போது பெட்டியே இல்லை.

முதலாளி பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "உள்ள ஒன்னுமே இல்லியேமா. போனா இன்னா இப்போ?"

"உள்ள ஒன்னும் இல்லன்றது வேற சார். அந்த எடமே இல்லன்றது வேற."

"கஸ்டமரே கேக்கல. நாளைக்குக் குடுக்கணும்."

"நாம குடுக்கும்போது இருந்துச்சி, திருப்பி வரும்போது இல்ல. அப்ப நாமதான தொலைச்சோம்?"

அவர் குரலை உயர்த்தினார். இவள் உயர்த்தவில்லை, ஆனால் எழுந்து நின்றுகொண்டாள். அவள் எழுந்து நின்றுவிட்டால் உட்கார வைக்க முடியாது. கடைசியில் அவர், "இன்னாவோ பண்ணு, சாயங்காலத்துக்குள்ள முடி" என்று கீழே டீக்கடைக்கு இறங்கிப் போனார். எனக்கும் அன்று அவள் மேல் எரிச்சல்தான். யாரும் இல்லாத ஒரு மேட்டுக்காக எல்லாருடைய மனசையும் கெடுக்கிறாளே என்று இருந்தது. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். காலிப் பெட்டிக்கும் ஷீட்டில் ஒரு வரி உண்டு. அந்தக் கட்டத்தில் இரண்டு வளைவு அடைப்புகள் மட்டும் நிற்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கோழி முட்டை மாரி?" என்று கேட்டார்.

"காலியா கீதுன்னு அர்த்தம் நைனா. யாருனா வந்தா போட்டுக்கலாம்."

"யாரு வரப் போறா" என்றார். ஆனால் அழிக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் பெய்த மழை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. ஒரு நாள் காலையில் அலுவலகத்தில் நாங்கள் நனைந்த துப்பட்டாவை விசிறியில் காயவைத்துக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. தலைவர்.

"யம்மா, ஏரி ரொம்பிப் பூட்ச்சி. கலங்கல்ல ரெண்டு ஆளு ஒயரம் கொட்டுது. எல்லாருக்கும் போன் பண்ணியாச்சி. எல்லாம் பச்சையாயிட்ச்சி. ஆனா முடிஞ்சுதுன்னு காட்ட மாட்டேங்குது. அந்தக் கோழி முட்டை நிக்குது."

"காளவாய் மேடா?"

"அதான். போன் பண்ண நம்பரும் இல்ல, ஒன்னும் இல்ல. இத்த எப்பிடிம்மா பச்சை பண்றது?"

"யாருனா போயி பாத்துட்டு வந்து பண்ணணும் நைனா."

"எங்க பக்கத்து வழி மூழ்கிப் பூட்ச்சி. உங்க பக்கம் ரோட்டுலேர்ந்து போவலாம். அரசாங்கத்துக்காரங்களுக்குச் சொல்லிட்டோம், அவுங்க வேற ஊருல கரை ஒடைஞ்ச எடத்துல கீறாங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். முதலாளிக்கு நம்ப முடியவில்லை. "யாருமே இல்லாத எடத்துக்கு, இந்த மழையில எங்கமா கெளம்பற?"

"யாரும் இல்லன்னு யாரு சார் பாத்தது?"

கீழே உரக்கடை வாசலில் ஒருவர் டிராக்டரோடு மழை விடக் காத்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்த மனிதர். இவள் போய் ஏதோ சொன்னாள். அவர் ஏறி உட்கார்ந்தார். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் டிரெய்லரில் ஏறினேன். முதலாளி மாடியிலிருந்து என்னவோ கத்தினார், மழையில் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் அவரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

ரோட்டை விட்டு இறங்கியதும் சேறு. வயலும் பாதையும் ஒன்றாகிவிட்டிருந்தன. டிராக்டர்காரர் மின்கம்பங்களை வைத்துத்தான் வழியைக் கண்டுபிடித்தார். ஓடைச் சத்தம் தூரத்திலேயே லாரி வருகிற மாதிரி கேட்டது. மேடு கண்ணில் பட்டபோது அதைச் சுற்றித் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. மேட்டின் மேல் சூளைக்காரர்கள் விட்டுப்போன ஓலைக் கொட்டகை. அதைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாக ஏதோ அசைந்தது.

"வாத்துடி!" என்று கத்தினாள். "வாத்து இருந்தா ஆளு இருக்கும்!"

இருந்தார்கள். வாத்து மேய்க்கிற குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவர். முந்தின நாள்தான் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, காலிக் கொட்டகை கிடைத்ததே என்று தங்கியிருக்கிறார்கள். ஏரி வழிகிற விஷயம் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

டிராக்டர் சக்கரத்தின் பாதி வரை தண்ணீர் ஏறியது. பிள்ளைகளை முதலாளிதான் தோளில் தூக்கி வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கிழவரை டிராக்டர்காரரும் நானும் ஏற்றினோம். அந்தப் பெண் மட்டும் மேட்டிலேயே நின்று வாத்துகளைப் பார்த்து அழுதாள்.

"வாத்த வுட்டுட்டு எப்பிடிக்கா வர்றது?"

அவள் புருஷன் டிரெய்லரிலிருந்து கத்தினான். "ஏறுமே! அதுங்க மெதக்கும். நாமதான் முழுவுவோம்!"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் அழுகையோடு சிரித்துக்கொண்டே இவள் கையைப் பிடித்து ஏறினாள். டிராக்டர் திரும்பியதும் அவன் நாக்கை மடித்து ஒரு குரல் கொடுத்தான். மொத்த வாத்துக் கூட்டமும் தண்ணீரில் இறங்கி எங்கள் பின்னால் நீந்தி வந்தது! மழையடிக்க, டிராக்டர் புகை கக்க, பின்னால் வாத்துகள் கத்திக்கொண்டு ஊர்வலம் வர, இவள் டிரெய்லரில் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி அவற்றைக் கூப்பிட்டாள். எங்கள் பல் கிடுகிடுத்தது. ஆனாலும் யாருக்கும் குளிர்ந்ததாக நினைவில்லை.

மத்தியானத்துக்குள் மேட்டில் கொட்டகை இல்லை. தலைவர் கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். "ஓலை மட்டும் மெதந்துக்கினு போவுதும்மா" என்றார்.

அவர்களை ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். ஊர்க்காரர்கள் புளிச்சோறும் போர்வையும் கொண்டுவந்தார்கள். வாத்துகள் விளையாட்டு மைதானத்தை எடுத்துக்கொண்டன. வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே அந்தப் பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலுவலகத்திலிருந்து வரவழைத்த மடிக்கணினியைத் திறந்தாள்.

"உங்க பேரு சொல்லுங்க. போன் நம்பரும்."

"எங்க பேரு இன்னாத்துக்குக்கா? மழை வுட்டா நாங்க வேற ஊரு பாத்துப் பூடுவோம்."

"போனதும் எடுத்துடறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்."

அந்தப் பெண் யோசித்துவிட்டுப் பெயரைச் சொன்னாள். நம்பரைப் புருஷன் சொன்னான். ஆனால் போன் நனைந்து அணைந்து கிடந்தது. இவள் அதைப் போர்வை நுனியில் துடைத்து, பேட்டரியை ஊதிப் போட்டு, போனை மடிக்கணினியில் செருகினாள். நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி புளிச்சோற்றுக் கையோடு குனிந்து நின்றார். திரையில் வெளிச்சம் வந்ததும் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், வெளியே வாத்துகள் பயந்து சிதறின.

இவள் தன் போனை எடுத்து, செயலியைத் திறந்து, காளவாய் மேடு என்ற பெயரைத் தொட்டாள். அதற்குள் இப்போது ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தொட்டாள். எதிரே அந்தப் பெண்ணின் மடியில் போன் அலறியது. அவள் அதைக் காதில் வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த இவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அலோ, யாரு?"

"காளவாய் மேடுங்களா?"

அந்தப் பெண் வகுப்பறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிள்ளைகள், கிழவர், புருஷன், எல்லாரும் இருந்தார்கள்.

"ஆமாங்க," என்றாள். "எல்லாரும் கீறோம்."